ஆடு பாம்பே: ஒரு ராக் ஆல்பமும் நெய்யாற்றின் கரையும்

மலையாளத்தின் முதல் ஆல்டர்நேட்டிவ் ராக் ஆல்பம் என்று கொண்டாடப்பட்ட ஒரு சிடி 2008-இல் வந்தது. பேண்டின் பெயர் அவியல். ஆல்பத்தின் பெயரும் அதுவே. எட்டே பாடல்கள். கேரளத்துக் கல்லூரி மாணவர்கள் அதைப் புதுமையின் உச்சம் என்று தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அந்த எட்டில் ஒன்று, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வாழ்ந்த ஒரு துறவியின் பாட்டு. அந்தப் பாட்டின் வார்ப்போ அதற்கும் பல தலைமுறை முந்திய ஒரு தமிழ்ச் சித்தருடையது. பாட்டின் பெயர் ‘ஆடு பாம்பே’.

ஆல்பத்தைப் பற்றி அன்று எழுதியவர்கள் கிதாரைப் பற்றி நிறைய எழுதினார்கள். மலையாளத்திலும் ராக் பாட முடியும் என்று வியந்தார்கள். ‘ஆடு பாம்பே’ எந்த மண்ணிலிருந்து வந்தது என்ற கேள்வி அந்த ஆரவாரத்தில் அமுங்கிப்போனது. கேட்டிருந்தால் பதில் தூரத்தில் இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே தமிழ்நாட்டு எல்லையை நோக்கிப் போகும் சாலையில், நெய்யாற்றின்கரை வட்டத்துக்குள்ளேயே அது கிடக்கிறது.

அவியல் 2003-இல் உருவான குழு. பாடகர் ஆனந்தராஜ் பெஞ்சமின் பால், கிதாரில் ரெக்ஸ் விஜயன், டர்ன்டேபிளிலும் குரலிலும் டோனி ஜான், டிரம்ஸில் மிதுன் புத்தன்வீட்டில், பேஸ் கிதாரில் நரேஷ் காமத். நரேஷ் காமத்தை வட இந்திய ரசிகர்கள் கைலாஷ் கேரின் ‘கைலாசா’ குழுவில் பார்த்திருப்பார்கள். குழு தொடங்கியதற்கும் முதல் ஆல்பம் வந்ததற்கும் இடையே ஐந்து ஆண்டுகள். ஆல்பம் வரும் முன்பே ‘நட நட’ என்ற பாட்டு அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்துவிட்டது. பின்னால் பெரிய சினிமாக் கம்பெனியும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. ஒற்றைப் பாட்டைக் கேட்டுவிட்டு முழு ஆல்பத்துக்காகக் காத்திருந்த ஒரு கூட்டம் மட்டும் இருந்தது.

அந்தக் காத்திருப்புக்குக் காரணம் உண்டு. கேரளத்துக்கு ராக் இசை புதிதல்ல. கொச்சியின் ‘13 ஏடி’ குழு 1980-களிலிருந்தே மேடையில் இருந்தது. பிறகு ‘மதர்ஜேன்’ வந்தது. கர்நாடக இசையின் கமகங்களை மின்கிதாரில் கொண்டுவந்த பைஜு தர்மஜன் அந்தக் குழுவில்தான் இருந்தார். வாசிப்பில் இவர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் பாடியது ஆங்கிலத்தில். ராக் என்றால் ஆங்கிலம், தாய்மொழி என்றால் சினிமா என்று ஒரு எழுதாத சட்டம் இருந்தது. சென்னையிலும் நெடுங்காலம் அதே கதைதான். அவியல் அந்தச் சட்டத்தைக் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் மலையாளத்தில் பாடினார்கள். அதுவும் சினிமாப் பாட்டின் மெருகேறிய மலையாளத்தில் அல்ல, நாட்டுப்பாட்டின் கரடுமுரடான வாய்மொழியில். ‘செக்கேலே’, ‘கறுகற’, ‘அரண்டா’ என்ற தலைப்புகளைச் சொல்லிப் பார்த்தாலே நாக்கில் தாளம் தட்டும்.

ஆல்பத்தை வெளியிட்டது ஃபாட் ஃபிஷ் ரெக்கார்ட்ஸ். 2004-இல் ரப்பி ஷேர்கில்லின் முதல் ஆல்பமான ‘ரப்பி’யை வெளியிட்டதும் இதே நிறுவனம். அந்த ஆல்பத்தை ஊரெல்லாம் கொண்டுபோன பாட்டு, 18-ஆம் நூற்றாண்டின் பஞ்சாபி சூஃபி புல்லே ஷாவின் பாட்டு. நான்கு ஆண்டு இடைவெளியில் ஒரே நிறுவனத்திலிருந்து வந்த இரண்டு அறிமுக ஆல்பங்களிலும் ஒரு துறவியின் குரல் மின்கிதாரோடு சேர்ந்து வந்தது. தற்செயலாகவே இருக்கலாம். ஆனாலும் இந்திய மொழிகளில் ராக் பாட வந்தவர்கள் முதல் அடியிலேயே எங்கே போய் நின்றார்கள் என்பதை இது காட்டுகிறது. சாதியையும் சடங்கையும் கேள்வி கேட்ட பழைய பாட்டுக்காரர்களிடம்தான் போய் நின்றார்கள்.

அவியல் எடுத்த பாட்டு ஸ்ரீ நாராயண குருவின் ‘குண்டலினிப் பாட்டு’.

குரு பிறந்தது திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில், 1850-களின் நடுவில். ஈழவர் குடும்பம். கோயிலுக்குள் நுழைய முடியாத, சில சாலைகளில் நடக்கவும் தடை இருந்த காலம். சமஸ்கிருதம் படித்தார். இன்னொரு சீர்திருத்தத் துறவியான சட்டம்பி சுவாமிகளின் நட்புக் கிடைத்தது. அவர்கள் இருவருக்கும் யோகம் கற்றுத் தந்தவர் தைக்காடு அய்யாவு சுவாமிகள். தமிழ்நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் தைக்காட்டு ரெசிடென்சியில் ஆங்கிலேயரிடம் வேலை பார்த்த தமிழர் அவர். அலுவலக வேலை ஒரு பக்கம், சிவயோகம் ஒரு பக்கம். தமிழ்ச் சித்தர் மரபு திருவிதாங்கூரின் சமூகச் சீர்திருத்தக்காரர்களிடம் வந்து சேர்ந்த முக்கியமான வாசல்களில் ஒன்று இந்த மனிதர்.

பிறகு குரு தெற்கே நடந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மருத்துவாமலையில், பிள்ளைத்தடம் என்ற குகையில் தவம் இருந்தார். அங்கிருந்து நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்துக்கு வந்தார். இன்று இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே ஒரு மாநில எல்லை கிடக்கிறது. அன்று இரண்டும் ஒரே திருவிதாங்கூர். வழி நெடுகத் தமிழும் மலையாளமும் கலந்த ஊர்கள்.

நெய்யாறு அகத்தியர்கூட மலையில் பிறந்து அருவிப்புறத்தைக் கடந்து, பூவாறில் கடலில் சேர்கிறது. 1888-ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில் குரு அந்த ஆற்றுக்குள் இறங்கினார். சங்கரன்குழி என்று சொல்லப்படும் ஆழமான இடத்தில் மூழ்கி ஒரு கல்லை எடுத்துவந்தார். கரையில் ஒரு பாறையைப் பீடமாக்கி அதைச் சிவலிங்கமாக நிறுவினார். பிராமணர் அல்லாத ஒருவர், அதிலும் தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்த ஒருவர் பிரதிஷ்டை செய்யலாமா என்று எதிர்ப்பு கிளம்பியது. தான் நிறுவியது ஈழவர்களின் சிவனை என்று குரு சொன்ன பதிலை இன்றும் கேரளத்தில் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். சாதி வேற்றுமையும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் உடன்பிறந்தவர்களாக வாழும் இடம் இது என்று அங்கே எழுதி வைத்தார். அருவிப்புறம் கோயிலை நடத்த அமைந்த குழுவே வளர்ந்து, 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் என்ற அமைப்பு ஆனது.

‘குண்டலினிப் பாட்டு’ குருவின் தவ வாழ்க்கையை ஒட்டிய ஆக்கங்களில் ஒன்று. மூலாதாரத்தில் சுருண்டு கிடக்கும் சக்தியைப் பாம்பாக உருவகித்து, அதை எழுந்து ஆடச் சொல்லும் பாட்டு. தமிழ் வாசகருக்கு இதைக் கேட்டவுடன் பாம்பாட்டிச் சித்தர் நினைவுக்கு வருவார். வராமல் இருக்க முடியாது. சித்தரின் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களிலும் பாம்பை ஆடச் சொல்லும் அந்த விளி திரும்பத் திரும்ப வரும். குரு அதே விளியை, அதே நடையை, ஏறத்தாழ அதே சொற்களை மலையாளத்துக்குக் கொண்டுபோனார். திங்களையும் கொன்றையையும் சூடிய சிவனும் கூடவே போனார். அந்த மலையாளத்தைப் படிக்க ஒரு கன்னியாகுமரிக்காரருக்கு அகராதி தேவைப்படாது.

குருவுக்குத் தமிழ் இரவல் மொழி அல்ல. தமிழிலேயே ‘தேவாரப் பதிகங்கள்’ எழுதியிருக்கிறார். திருக்குறளின் ஒரு பகுதியையும், கண்ணுடைய வள்ளலாரின் ‘ஒழிவிலொடுக்க’த்தையும் மலையாளத்தில் தந்திருக்கிறார். இவ்வளவு செய்தவரை நம் தமிழ்ப் பாடநூல்கள் ஒரு வரியில் கேரளச் சீர்திருத்தவாதி என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது பெரிய குறை. அவர் தமிழ்க் கவிஞரும்தான்.

இப்போது 2008-க்கு வருவோம். ஒரு பழைய யோகப் பாட்டு ராக் இசையில் எப்படி இவ்வளவு இயல்பாகப் பொருந்தியது?

பாட்டின் கட்டுமானத்திலேயே விடை இருக்கிறது. பாம்பாட்டிச் சித்தரின் செய்யுள் சின்னச் சின்ன அடிகளால் ஆனது. ஒவ்வொரு செய்யுளும் சுற்றிவந்து அதே விளியில் இறங்கும். கேட்பவர் காது அந்த இறக்கத்துக்காகக் காத்திருக்கும். ராக் இசைக்காரர்கள் ரிஃப் என்று சொல்வது இதைத்தான். நாலைந்து சுரங்களால் ஆன ஒரு சிறு துணுக்கு, மாறாமல் திரும்பி வந்துகொண்டே இருக்கும். அதன் மேல் மற்றதெல்லாம் ஏறும், இறங்கும். மகுடி ஊதுபவரும் அதையே செய்கிறார். மகுடிக்குப் பல ராகங்கள் வேண்டாம். ஒரே சுழற்சி போதும், அது அறுபடாமல் இருக்க வேண்டும். அவியல் குழு பாட்டுக்குள் புதிதாக எதையும் திணிக்கவில்லை. ஏற்கெனவே அதற்குள் இருந்த சுழற்சியைக் கண்டுகொண்டு அதன் மேல் மின்சாரத்தைப் பாய்ச்சியது. ஆல்பத்தில் இந்தப் பாட்டைத்தான் இந்தக் கட்டுரை முதலிடத்தில் வைக்கும். ‘நட நட’ கால்களை ஆட வைக்கும். ‘ஆடு பாம்பே’ ஆளையே உட்கார வைத்துவிடும்.

குருவை ராக் பாட்டாக்கலாமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் எழுத்தறியாதவரும் வாய்விட்டுப் பாடும்படி எழுதப்பட்ட பாட்டு அது. பூஜை அறைக்குள் பூட்டி வைப்பதற்காக எழுதியதல்ல.

பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதியின் இசை வரலாற்றைக் கொஞ்சம் தோண்டினால், இப்படிக் கலந்து பாடுவது அங்கே பழைய வழக்கம் என்பது தெரியும். தென் திருவிதாங்கூரின் ‘தெக்கன் பாட்டுகள்’ தமிழா மலையாளமா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். திருமலை நாயக்கரின் படையோடு மோதி மாண்ட தளபதியைப் பாடும் ‘இரவிக்குட்டிப் பிள்ளை போர்’, பாதிக்கு மேல் தமிழ்தான். அதைப் பாடுவது வில்லில். தரையில் கிடத்திய நீண்ட வில், நாணில் வரிசையாக மணிகள். நடுவில் உட்காரும் புலவர் இரண்டு வீசுகோல்களால் நாணை அடித்தபடி கதை சொல்வார். பக்கத்தில் ஒருவர் மண்குடத்தின் வாயில் மட்டையால் அடிக்க, வயிற்றில் அதிரும் கனத்த ஒலி எழும். அடுத்து உடுக்கை, தாளம், கட்டை. எதிர்ப்பாட்டுக்காரர்கள் புலவரின் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். முன்பாடகர், பேஸ், தாளம், கோரஸ் என்று ஒரு பேண்டுக்குள்ள எல்லாமே கோயில் கொடை மேடையில் இருக்கிறது. கன்னியாகுமரியில் வில்லுப்பாட்டு என்பார்கள். எல்லை தாண்டினால் வில்லடிச்சான் பாட்டு. மணி ஒலி ஒன்றே.

தேவாலயங்களிலும் இதே கலப்பு. நெய்யாற்றின்கரைக்கு அருகே திருப்புறத்தில் 1847-இல் பிறந்த மோசா வல்சலம் சாஸ்திரியார் மலையாளக் கிறிஸ்தவக் கீர்த்தனைகளுக்குக் கர்நாடக ராகங்களில் உருக்கொடுத்தார். 1916-இல் மறைந்த அவருடைய பாட்டுகள் கேரளச் சபைகளில் இன்றும் ஞாயிறுதோறும் ஒலிக்கின்றன.

பாறசாலை என்றதும் கர்நாடக இசை ரசிகர்களுக்கு நினைவுக்கு வரும் பெயர் பாறசாலை பி. பொன்னம்மாள். 1924-இல் பாறசாலையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் பெயரிலான இசைப் பள்ளியில் சேர்ந்த முதல் மாணவி. பிறகு அங்கேயே பாடம் சொல்லித் தந்தார். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். ஆனால் பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடக் கூடாது என்ற வழக்கம் நூற்றாண்டுகளாக இருந்துவந்தது. 2006-இல் அந்த வழக்கம் உடைந்தது. அன்று மேடையேறிய முதல் பெண் பொன்னம்மாள். அவருக்கு அப்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. 2017-இல் பத்மஸ்ரீ வந்தது. 2021-இல் மறைந்தார். ஒரு பாடகி தன் மாநிலத் தலைநகரின் மண்டபத்தில் பாடுவதற்கு எண்பது வயது வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை எந்தப் பாராட்டு விழாவும் ஈடுகட்ட முடியாது.

அதியன்னூரில் பிறந்த நெய்யாற்றின்கரை வாசுதேவன் இன்னொரு கதை. தலித் குடும்பத்திலிருந்து வந்து கர்நாடக இசையின் முன்வரிசைக்குப் போனவர். ஆர்.எல்.வி.யில் கற்பித்தார், திருவனந்தபுரம் வானொலியில் பணியாற்றினார், 2004-இல் பத்மஸ்ரீ பெற்றார். ‘அவியல்’ ஆல்பம் வந்த அதே 2008-ஆம் ஆண்டில், மே மாதம் காலமானார். இரண்டு ஆண்டு இடைவெளியில் பொன்னம்மாள் ஒரு தடையை உடைத்ததும், வாசுதேவன் மறைந்ததும், அருவிப்புறத்துத் துறவியின் பாட்டை இளைஞர்கள் மின்கிதாரில் பாடியதும் நிகழ்ந்திருக்கின்றன. பத்திரிகைகளில் இவை மூன்றும் மூன்று பக்கங்களில் வந்த செய்திகள். யாருக்குப் பாட உரிமை உண்டு, எங்கே பாடலாம் என்ற ஒரே கேள்விதான் மூன்றிலும் இருக்கிறது. ஆற்றுக்குள் மூழ்கிக் கல் எடுத்தவர் கேட்டதும் அதே கேள்விதான்.

இந்த மண்ணின் பாட்டுகளைத் தனித்தனியாகப் பார்க்கும் வழக்கத்துக்கு எல்லைக்கோடும் ஒரு காரணம். 1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தின் பலன் அது. நெய்யாற்றின்கரையின் தமிழ்ப் பகுதிகளும் வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறவில்லை. அந்த ஊர்கள் கேரளத்திலேயே நின்றுவிட்டன. நிர்வாகக் கோடு நிலத்தைப் பிரித்தபோது, நூலகங்களும் பாடத்திட்டங்களும் பாட்டுகளையும் பிரித்துக்கொண்டன. பாம்பாட்டிச் சித்தர் தமிழ்நாட்டுக்கு, நாராயண குரு கேரளத்துக்கு. தெக்கன் பாட்டுகள் இரு தரப்புக்கும் முழுதாகச் சொந்தமில்லாமல் நடுவில் நின்றன.

ஆல்பத்துக்குப் பிறகு நடந்தது இந்தியாவின் பல இண்டி குழுக்களுக்கு நடந்ததுதான். சினிமா வந்து கதவைத் தட்டியது. 2011-இல் ஆஷிக் அபுவின் ‘சால்ட் அண்ட் பெப்பர்’ படத்தில் அவியல் பாடிய ‘ஆனக்கள்ளன்’ பெரிய வெற்றி. அதே ஆண்டு ‘சாப்பா குரிசு’ படத்துக்கு ரெக்ஸ் விஜயன் இசையமைத்தார். ‘நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி’யும் (2013) ‘மாயாநதி’யும் (2017) அவரை மலையாளத்தின் முன்னணி இசையமைப்பாளர்களில் ஒருவராக்கின. இழப்பு என்று இதைச் சொல்ல முடியாது. மலையாள சினிமாவின் ஒலியே அந்தப் பத்தாண்டில் மாறியது. அதில் அவியலின் பங்கு பெரியது.

அவர்கள் திறந்த வழியில் அடுத்தவர்கள் வந்தார்கள். 2013-இல் கப்பா டிவியின் ‘மியூசிக் மோஜோ’ நிகழ்ச்சி கொச்சியின் ‘தைக்குடம் பிரிட்ஜ்’ குழுவை வீடு வீடாகக் கொண்டுபோனது. அவர்களின் முதல் ஆல்பம் ‘நவரசம்’ 2015-இல் வந்தது. தலைப்புப் பாட்டு கதகளியைத் தொட்டது. அந்தக் குழுவின் கோவிந்த் வசந்தாதான் 2018-இல் ‘96’ படத்தின் வழியே தமிழ்நாட்டைக் கலங்க வைத்தவர். தமிழில் அதே 2018-இன் தொடக்கத்தில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த குழு அது. கானாவும் பறையும் மின்கிதாரும் ஒரே மேடையில் நின்றன. சாதியை நேருக்கு நேர் பேசும் பாட்டை இளைஞர்கள் கைதட்டிப் பாடினார்கள். அருவிப்புறத்துக்காரர் கேட்டிருந்தால் இந்தக் குழுவின் பெயரே அவருக்குப் பிடித்திருக்கும்.

சித்தர் பாடல்களை நம் இளம் குழுக்கள் இன்னும் நிறைய எடுக்க வேண்டும். பாம்பாட்டியார், சிவவாக்கியர், குதம்பைச் சித்தர், கடுவெளிச் சித்தர் எல்லோரிடமும் தாளம் தயாராக இருக்கிறது, கோபமும் தயாராக இருக்கிறது. பதிப்புரிமைக் கட்டணம் கிடையாது. இந்தப் பாட்டுகள் பெரும்பாலும் பக்திக் கேசட்டுகளுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தன. திருவாசகத்தை இளையராஜா 2005-இல் சிம்பொனி இசைக்குழுவோடு பதிவு செய்தபோது ஒரு பெரிய கதவு திறந்தது. ஒரு கேரள பேண்ட் மூன்றே ஆண்டில் கிதாரோடு பக்கத்துக் கதவைத் திறந்துகாட்டியது. அதை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை.

‘அவியல்’ ஆல்பத்தை இன்று முதன்முதலாகக் கேட்கப் போகிறவர்கள் ‘நட நட’யில் தொடங்காமல் வேறு வரிசையில் கேட்டுப் பார்க்கலாம். முதலில் பாம்பாட்டிச் சித்தரின் பாடல்களில் பத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அடுத்து, குருவின் ‘குண்டலினிப் பாட்டை’ ஓதுவது போலப் பாடிய ஏதாவது ஒரு பழைய பதிவு. அதற்குப் பிறகு, ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டு, அவியலின் ‘ஆடு பாம்பே’.